சாவி அவளிடம்... கையெழுத்து அவனிடம்!

உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

அப்பா பேரிலா, அண்ணன் பேரிலா? 'என் மனைவி பேரில்தான்' என்று சட்டென்று கை தூக்குகிறவர்களுக்கு ஒரு சபாஷ். ஆனால், அந்த வீட்டை அவசரத்துக்கு அடமானம் வைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விக்கும் அதே வேகத்தில் கை தூக்க முடியுமா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்க்க, இந்த வாரம் உங்களை இந்தோனேசியாவுக்கு அழைத்துப் போகிறேன். பாலித் தீவின் கடற்கரைக்கு அல்ல. சுமத்ரா தீவின் மேற்கே, மராப்பி எரிமலையைச் சுற்றியிருக்கும் கிராமங்களுக்கு.

அங்கே வாழ்கிறவர்கள் மினாங்கபாவ் மக்கள். 2010-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தோனேசியா முழுக்க 64 லட்சம் பேருக்கு மேல். அநேகமாக எல்லோருமே முஸ்லிம்கள். அதுவும் மார்க்கத்தில் மிகுந்த பற்றுள்ளவர்கள். இவர்களைத்தான் உலகத்தின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று மானுடவியல் புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. வீடும் வயலும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். குலப்பெயரும் அம்மாவுடையதுதான்.

அந்தப் பெயருக்கே ஒரு கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் வெளியிலிருந்து பெரும் படை ஒன்று வந்ததாம். சண்டை வேண்டாம், இரண்டு எருமைகளை மோதவிடுவோம், எது ஜெயிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி என்று முடிவானதாம். வந்தவர்கள் மலை மாதிரி ஓர் எருமையைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் பால் குடிக்க விடாமல் பட்டினி போட்ட ஒரு கன்றைக் கொண்டுவந்தார்கள், மூக்கில் கூரான கத்தியைக் கட்டி! பெரிய எருமையைத் தாய் என்று நினைத்த கன்று, பால் தேடி அதன் வயிற்றில் முட்ட, கதை முடிந்தது. 'மினாங்' என்றால் வெற்றி. 'கபாவ்' என்றால் எருமை. நடந்ததா, கட்டியதா என்றெல்லாம் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டுக் கூரைகள் இன்றைக்கும் எருமைக் கொம்பு மாதிரி வளைந்துதான் நிற்கின்றன. எருமையை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தக் கிராமத்துக்கு 'நகரி' என்று பெயர். நம் காதுக்கு வேற்றுச் சொல்லாகவே படாது. ஒவ்வொரு நகரியிலும் பல குலங்கள். ஒரு குலத்துக்குள் ஒரே பாட்டியின் வயிற்றில் வந்தவர்கள் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு 'ருமா கடாங்', அதாவது பெரிய வீடு. உள்ளே நீளமான ஒரு கூடம், பின்னால் வரிசையாக அறைகள். அறைகள் யாருக்கு? மகள்களுக்கு. மகனுக்கு அறை கிடையாது! அந்தக் காலத்தில் பையன் கொஞ்சம் வளர்ந்ததும் 'சுராவ்' என்கிற தொழுகைக் கூடத்துக்குப் படுக்கப் போய்விட வேண்டும். அங்கேதான் ஓதுவதும், சிலம்பம் மாதிரியான தற்காப்புக் கலை பழகுவதும்.

கல்யாணமானால் மனைவி வீட்டுக்குப் போகலாம். ஆனால் விருந்தாளியாக. மாலையில் வந்து காலையில் கிளம்பிவிடுகிற மாப்பிள்ளை. அவரைப் பற்றி அங்கே ஒரு சொலவடை உண்டு: 'அடிக்கட்டை மேல் படிந்த சாம்பல்'. ஒரு காற்று அடித்தால் போதும், பறந்துவிடும். வீட்டோடு மாப்பிள்ளையை நாம் கேலி செய்வதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்படி நிலமும் இல்லாமல் அறையும் இல்லாமல் வளர்ந்த ஆண்கள் என்ன செய்வார்கள்? ஊரை விட்டுக் கிளம்புவார்கள். 'மெரந்தாவ்' என்று அதற்குப் பெயர். பிழைப்பும் அனுபவமும் தேடி வெளியூர் போவது. இந்தோனேசியாவின் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பாடாங் சாப்பாட்டுக் கடை கண்ணில் படுகிறதே, அதற்கு ரெண்டாங் கறியின் ருசி மட்டும் காரணமல்ல. அந்த நாட்டின் முதல் துணை ஜனாதிபதி முகமது ஹத்தா, முதல் பிரதமர் சுதான் ஷரீர் என்று ஒரு சின்னச் சமூகத்திலிருந்து இத்தனை தலைவர்கள் கிளம்பி வந்ததற்கும், ஊரில் ஆணுக்கு நிலம் கிடையாது என்பது ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

* * *

'ஆஹா, பெண்களின் சொர்க்கம்!' என்று எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். சுற்றுலாக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் ரொம்ப காலமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் சொத்து. அதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற பூர்வீகச் சொத்து 'ஹர்தா புசாக்கா திங்கி'. இது யாருக்கும் தனிச் சொத்து அல்ல. ஒரு பாட்டியின் வழிவந்த மொத்தக் கூட்டத்துக்கும் பொது. இன்ன வயலை இன்ன சகோதரி உழுது சாப்பிடலாம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அனுபவிக்கலாம், விற்க முடியாது. இன்னொன்று, புருஷனும் பெண்டாட்டியும் உழைத்துச் சேர்த்த சுயார்ஜிதம்.

பூர்வீக நிலத்தை விற்கவே கூடாது என்பது சட்டம். ஒத்திக்கு விடலாம். அதுவும் நான்கே காரணங்களுக்காக. ஒன்று, வீட்டுக்குள் பிணம் கிடக்கிறது, எடுத்து அடக்கம் செய்யக் காசில்லை. இரண்டு, வயது வந்த பெண் கல்யாணமாகாமல் இருக்கிறாள். மூன்று, பெரிய வீட்டின் கூரை ஒழுகுகிறது. நான்கு, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். அதாவது, ஏற்க ஆளில்லாமல் கிடக்கும் குடும்பத்தின் தலைமைப் பட்டத்தை மறுபடி ஒருவருக்குச் சூட்ட வேண்டும்.

அவ்வளவுதான். ஐந்தாவது காரணம் கிடையாது!

ஒத்தி என்றால் நம்ம ஊர் போக்கியம் மாதிரியேதான். பணம் கொடுத்தவர் வயலை எடுத்துக்கொள்வார், விளைச்சல் அவருக்கு. மீட்கிற வரைக்கும். கடனைப் பல நேரங்களில் பணமாக எழுத மாட்டார்கள், தங்கமாக எழுதுவார்கள். பணத்தின் மதிப்பு சரிந்தாலும் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. பாட்டி ஒத்திக்கு விட்ட வயலைப் பேத்தி தங்கம் கொடுத்துத் திருப்பலாம். காலாவதி கிடையாது.

1960-ல் இந்தோனேசிய அரசு ஒரு சட்டம் போட்டது. ஏழு வருஷத்துக்கு மேல் ஒத்தியில் இருக்கும் விவசாய நிலத்தைப் பணம் எதுவும் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏழை விவசாயியை வட்டிக்காரனிடமிருந்து காப்பாற்றும் நல்ல சட்டம். மினாங்கபாவ் கிராமங்களில் அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. 'இது கந்துவட்டி இல்லை, ஒருத்தருக்கொருத்தர் கைகொடுப்பது' என்பது அவர்கள் கட்சி. கடன் கொடுத்தவரும் அதே ஊரில் நாளைக்கு இன்னொரு ஒத்தியில் கடன் வாங்குகிறவர்தானே?

இந்த ஏற்பாட்டால் பெண்ணுக்கு என்ன லாபம்?

ஒரே வரியில் சொல்கிறேன். அந்தக் கிராமத்துப் பெண்ணை யாரும் 'வீட்டை விட்டு வெளியே போ' என்று சொல்ல முடியாது. புருஷன் தலாக் சொன்னால், மூட்டை கட்ட வேண்டியது அவன்தான். அவள் வாழாவெட்டியாகப் பிறந்த வீடு திரும்புவதில்லை. ஏனென்றால் அவள் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பியதே இல்லை. அடுத்த வேளை அரிசிக்கு வயல் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கூரை இருக்கிறது. ஜீவனாம்ச வழக்குக்காகக் கோர்ட் படியேறி வருஷக்கணக்கில் நின்ற எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், இதன் மதிப்பு என்ன என்று.

அதே சுமத்ராவின் வடக்கே, கரோ பாத்தாக் மக்களிடையே மகளுக்குச் சொத்தே கிடையாது என்ற வழக்கம் இருந்தது. மகனோடு மகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல 1961-ல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. ஒரே தீவு, இரண்டு உலகம். ஆகவே, 'பெண்ணுக்குச் சொத்து கொடுக்காதது இயற்கை, அதுதான் உலக நடப்பு' என்று யாராவது உங்களிடம் ஆரம்பித்தால், மினாங்கபாவ் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

* * *

'மதம் ஒப்புக்கொள்ளாதே?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சண்டையையும் அவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். சுமார் 150 வருஷமாக!

1803-ல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் தொடங்கிய சீர்திருத்தம் பத்ரி இயக்கமாக வளர்ந்தது. ஊர் வழக்கங்கள் பலவற்றை மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்லி அவர்கள் வாளெடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் உள்ளே நுழைய, அது 1821 முதல் 1837 வரை பெரும் போராக நடந்தது. அந்தப் போரின் தலைவர் துவாங்கு இமாம் போன்ஜோல் பிற்காலத்தில் தேசிய வீரராக 5000 ரூபியா நோட்டில்கூட இடம்பிடித்தார். அத்தனை ரத்தத்துக்குப் பிறகும் தாய்வழிச் சொத்து அங்கேயே நின்றது.

அடுத்து வந்தவர் ஆயுதம் எடுக்கவில்லை, பேனா எடுத்தார். ஷேக் அஹ்மத் காதிப். மினாங்கபாவ் மண்ணில் பிறந்து மக்காவின் புனிதப் பள்ளியில் இமாமாக உயர்ந்தவர். 'இந்தப் பூர்வீகச் சொத்து முறையே அபகரிப்பு, இது ஹராம்' என்று எழுதினார். ஆனால் அவரிடம் படித்துவிட்டு ஊர் திரும்பிய அவருடைய மாணவர் ஹாஜி ரசூல் என்ன சொன்னார் தெரியுமா? 'பூர்வீகச் சொத்து எந்தத் தனிமனிதனுக்கும் சொந்தமில்லை. ஒருவனுக்குச் சொந்தமில்லாததை அவன் வாரிசுகளுக்கு எப்படிப் பங்கு பிரிப்பது? இது வக்ஃப் சொத்து மாதிரி.' குருவின் பேச்சுக்குச் சீடனின் பதில். எவ்வளவு நேர்த்தியான வாதம் பாருங்கள்!

கடைசியில் 1952-ல் புக்கித்திங்கி நகரில் மார்க்க அறிஞர்களும் குலத் தலைவர்களும் படித்தவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பூர்வீகச் சொத்து ஊர் வழக்கப்படி தாய்வழி. சுயார்ஜிதம் இஸ்லாமிய வாரிசு முறைப்படி. யாரும் மதத்தை விடவில்லை, யாரும் மரபை விடவில்லை. மதமும் மரபும் வளையாது என்று சொல்கிறவர்கள், யாருக்காக வளையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சமரசத்துக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாரிசு முறைப்படி மகளுக்கு மகனில் பாதிப் பங்கு. 1952-ல் குடும்பத்தின் சொத்தில் பெரும்பகுதி வயலும் பூர்வீக வீடும்தான். இன்றைக்கோ சம்பளம், கடை, நகரத்து வீடு, கார், பேங்க் டெபாசிட் என்று எல்லாமே சுயார்ஜிதம். பூர்வீகம் அப்படியே நிற்க, சுயார்ஜிதம் வளர்ந்துகொண்டே போகிறது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறாமலே பெண்ணின் பங்கு வருஷா வருஷம் சுருங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட பெற்றோர் பலர், உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகளுக்குத் தானமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். புத்திசாலிகள்.

* * *

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

அந்தப் பெரிய வீட்டின் மூத்த பெண்ணுக்கு 'புந்தோ கண்டுவாங்' என்று பெயர். சாவிக்கு உரியவள், வீட்டைத் தாங்கும் தூண் என்றெல்லாம் அவளைப் புகழ்வார்கள். எல்லாம் சரி. சாவி அவளிடம். கையெழுத்து யாரிடம்?

அவளுடைய சகோதரனிடம்! அவர் பெயர் 'மாமாக்'. தாய்மாமன்தான். சொன்னாலே நமக்குப் புரிந்துவிடுகிற சொல். சகோதரியின் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது அவர் கடமை. பூர்வீகச் சொத்தை நிர்வகிப்பது அவர் அதிகாரம். குடும்பங்களின் மேல் குலத் தலைவர், 'டத்தோ' பட்டம் சூடியவர், அவரும் ஆண். நகரியின் வழக்காற்று மன்றத்தில் முடிவெடுக்கக் கூடுகிறவர்கள் இந்த மாமன்மார்தான். பூர்வீகச் சொத்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால், மொத்தக் கூட்டத்தின் சார்பில் நிற்க வேண்டியவர் பொதுவாக அந்தத் தலைமை மாமன். நிலம் பறிபோவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் தானாக வழக்குப் போட்டால், 'உரியவர் வரவில்லை' என்று தள்ளுபடி ஆகலாம். உரியவரே விற்றுவிட்டிருந்தால்?

வழக்கப்படி மொத்தக் கூட்டமும், பெண்கள் உட்பட, சம்மதித்தால்தான் நிலத்தைத் தொட முடியும். பழைய கிராமத்தில் இது நடந்தது. காரணம், மாமன் அதே ஊரில் இருந்தார். அக்கா முகத்தில் தினமும் விழித்தார். தப்பு செய்தால் தொழுகைக் கூடத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. இன்றைக்கு மாமன் ஜகார்த்தாவில் இருக்கிறார். மாமனின் அக்கறை தன் சொந்தப் பிள்ளைகளின் படிப்பில் இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் மருமக்களை வளர்க்கும் கடமை அப்பாவிடம் போய்விட்டது, அவர்கள் நிலத்தின் மீது கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் மாமனிடமே இருக்கிறது. கடமை கழன்றுபோய் அதிகாரம் மட்டும் மிச்சமிருந்தால் அதற்கு மரபு என்று பெயரா?

நான்கு காரணங்களோடு கல்லூரிச் செலவு, வெளியூர்ப் பயணம் என்று காரணங்கள் நீண்டுகொண்டு போவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டைத் திறந்து வைத்தால் பசு மட்டுமா போகும்?

'பெண்களின் சொர்க்கம்' என்று எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் எழுத வேண்டும். பாரியமான் பகுதியில் மாப்பிள்ளையை 'அழைத்து வர' பெண் வீட்டார் பணமோ தங்கமோ கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வீடு அவளுடையது, வயல் அவளுடையது, வரப்போகிறவன் சாம்பல், அந்தச் சாம்பலுக்கும் விலை! அப்புறம், தாய் வெளியூர்க்காரி என்றால் பிள்ளைக்குக் குலமே கிடையாது. ஹாஜி ரசூலின் மகன் ஹம்கா 1938-ல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் சோகமே இதுதான். அப்பா மினாங்கபாவ், அம்மா புகிஸ். அதனால் அப்பாவின் ஊரிலேயே அந்நியனாக நிற்கிற இளைஞன். தாய்வழி என்பதாலேயே ஒரு அமைப்பு கருணை உள்ளதாகிவிடாது.

* * *

வீட்டுக்குள் மாமன் என்றால் வீட்டுக்கு வெளியே சர்க்கார்.

டச்சு அரசு 1870-ல் ஒரு பிரகடனம் செய்தது. 'இது என் சொந்தம்' என்று எவராலும் நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசாங்கத்தின் நிலம். முதலில் ஜாவாவுக்கு, அடுத்த சில வருஷங்களில் சுமத்ராவுக்கும். தாய் சொல்ல, மகள் கேட்க, எல்லை மரத்தைக் காட்டியே ஆண்டு வந்தவர்களிடம் திடீரென்று பேப்பர் கேட்டால் எங்கே போவார்கள்? நம்ம ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸில் 'தாய்ப்பத்திரம் எங்கே?' என்று கேட்பார்களே. அந்த ஊரில் தாய்தான் பத்திரம்!

சுதந்திரத்துக்குப் பிறகு 1960-ல் வந்த நிலச் சட்டம், ஊர்ச் சமூகத்தின் நில உரிமையை அங்கீகரித்தது. ஆனால் 'நடைமுறையில் இன்னும் இருக்கும்வரை' என்று ஒரு வால். தேச நலனுக்கு உட்பட்டு என்று இன்னொரு வால். வால் ஆட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1979-ல் சுகார்த்தோ அரசு, நாடு முழுக்க எல்லாக் கிராமங்களும் ஒரே அச்சில், ஜாவா கிராமம் மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன்படி 1983-ல் மேற்கு சுமத்ராவின் ஐந்நூற்றுச் சொச்சம் நகரிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுக் கிராமங்களாக உடைக்கப்பட்டன. கிராமத்துக்கு இவ்வளவு என்று மானியம். ஆகவே கிராமங்கள் அதிகமானால் பணமும் அதிகம்! கணக்கு சரிதான். ஆனால் பொதுநிலத்துக்குச் சொந்தக்காரியான நகரி காகிதத்தில் காணாமல் போனது. சுகார்த்தோ 1998-ல் வீழ்ந்த பிறகு, 2000-ல் தொடங்கித்தான் நகரிகள் மறுபடி உயிர்பெற்றன.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1980-களிலும் 90-களிலும் பசாமான் போன்ற பகுதிகளில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தன. ஊர்த் தலைவர்களுக்கு வழக்கப்படி ஒரு மரியாதைத் தொகை கொடுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் அதை, 'கொஞ்ச காலம் உபயோகித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டார்கள். அரசும் கம்பெனியும், 'உரிமையையே விட்டுக் கொடுத்துவிட்டார்கள்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் சொலவடை இது: 'எருமை போகும், குட்டை நிற்கும்.' எருமை சேற்றில் புரண்டுவிட்டு எழுந்து போய்விடும், அது புரண்ட குட்டை ஊருக்குத்தான். தோட்டக் குத்தகை முடிந்தால் நிலம் நகரிக்குத் திரும்ப வேண்டும் என்பது இதன் பொருள். 2008-ல் மேற்கு சுமத்ரா மாகாணச் சட்டமே இந்தக் கொள்கையை ஏற்றது. ஆனால் ஜகார்த்தாவின் விதி வேறு. குத்தகை முடிந்த தோட்ட நிலம் அரசு நிலம். எருமையும் போகாது, குட்டையும் திரும்பாது!

அந்த மரியாதைத் தொகையை வாங்கியவர்கள் ஊரின் தலைவர்கள், ஆண்கள். பறிபோனதில் காய்கறி போட்டவள், விறகு பொறுக்கியவள், மகளுக்கு விட்டுச் செல்லலாம் என்று இருந்தவள் அவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

* * *

'அதனால்தான் சொல்கிறோம், எல்லாவற்றையும் பத்திரம் பண்ணு' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, இது உலகம் முழுக்க ஃபேஷனான மருந்து. ஏழையின் நிலம் பத்திரம் இல்லாததால் செத்த மூலதனமாகக் கிடக்கிறது, பத்திரம் கொடுத்தால் அவன் அதைக் காட்டி லோன் வாங்கி முன்னேறிவிடுவான் என்பது வாதம். இந்தோனேசியாவிலும் 2017 முதல் கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து மொத்தமாகச் சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் பெரிய திட்டம் நடந்து வருகிறது. 2023-ல் மேற்கு சுமத்ராவில் நகரிப் பொதுநிலத்துக்கும் சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் முயற்சி தொடங்கியது.

பத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேப்பர் இல்லாதவன் நிலம் 1870 முதல் எப்படிப் போனது என்று பார்த்தோமே. ஆனால் லோன் வாங்க அடகு வைக்க முடிகிற நிலம், லோன் கட்டாவிட்டால் ஏலத்துக்கும் போகிற நிலம். இந்த இரண்டாவது பாதியைப் பத்திரப் பிரசாரகர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். பாட்டியின் ஒத்திக்குக் காலாவதி கிடையாது. பேங்கின் ஏல நோட்டீஸுக்குத் தேதி உண்டு.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்தச் சர்ட்டிஃபிகேட்டில் யார் பெயர்? சில இடங்களில் தலைமை மாமன் பெயர். சில இடங்களில் கூட்டத்து உறுப்பினர்கள் பெயரும் சேர்ந்து. சில இடங்களில் தனிநபர் பெயர். நகரிப் பொதுநிலமென்றால் வழக்காற்று மன்றத்தின் பெயர். அந்த மன்றத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது யார் என்று மேலே சொல்லிவிட்டேன். வாய்ச்சொல்லாக இருந்த காலத்தில் 'சொந்தக்காரி' என்று ஊரே அவளைச் சொன்னது. எழுத்துக்கு வரும்போது எழுதுகிறவனின் பெயர் முன்னால் வந்து நிற்கிறது.

ஆகவே எனக்கு இரண்டு தரப்போடும் சண்டை இருக்கிறது. 'மரபு இருக்கிறது, பெண் ராணிதான், ஒன்றையும் தொடாதே' என்கிறார்களே, அவர்களிடம்: முடிவெடுக்கும் சபையில் அவளுக்கு இடமில்லாத ராணிப் பட்டம் எதற்கு? 'மரபு பழசு, துண்டு போட்டுப் பத்திரம் கொடு, சந்தை பார்த்துக்கொள்ளும்' என்கிறார்களே, அவர்களிடம்: விற்க முடியாது என்ற அந்த ஒரு விதிதான் அவளை இத்தனை தலைமுறையாகத் தெருவுக்கு வராமல் காத்தது. அதை எடுத்துவிட்டு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

தீர்வு ஒன்றும் பிரமாதமான ராக்கெட் விஞ்ஞானமில்லை. விற்கக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். பூர்வீக நிலத்துக்கு எந்தப் பேப்பர் போட்டாலும் அந்தப் பாட்டியின் வழிவந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அதில் இருக்கட்டும், சுராவில் படுத்த பையனின் பெயருக்கு முன்னால். ஒத்தியோ குத்தகையோ, அவர்கள் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று சட்டம் சொல்லட்டும். நிலம் பறிபோனால் அவளே கோர்ட்டுக்குப் போகலாம் என்று வரட்டும். நகரியின் மன்றத்தில் மாமன்மாரோடு சகோதரிகளும் சரிசமமாக உட்காரட்டும். மக்காவின் இமாமுக்கே பதில் சொல்லி வழி கண்டுபிடித்த சமூகம் இது. ஒரு நாற்காலி போடவா வழி தெரியாது?

பெண்ணுக்குச் சொத்து கொடுத்துவிட்டோம் என்று யார் மார்தட்டினாலும், அது சுமத்ராவோ வேறெங்கோ, ஒரு கேள்வி கேளுங்கள். விற்காதே என்று அவள் சொன்னால், விற்பனை நிற்குமா?

நின்றால் அது அவள் சொத்து. நிற்காவிட்டால், அவள் அந்த வீட்டின் வாட்ச்மேன். சாவி வாட்ச்மேனிடமும்தான் இருக்கும்!